அச்சாணியை நம்பும் உரிமை

மடக்குக் கீல் என்பது சிறிய பாய்மரப் படகின் அடியில், நடுக்கோட்டில் தொங்கும் கனத்த உலோகத் தகடு. பாயில் காற்று அடிக்கும்போது படகு பக்கவாட்டில் நழுவாமல் பார்த்துக்கொள்வதும், சாய்ந்த படகை நிமிர்த்துவதும் அதன் வேலை. அசையாத கீல் பொருத்திய படகு ஆழமில்லாத கரைப்பக்கம் வர முடியாது. மடக்குக் கீல் உள்ள படகோ தகட்டை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு தொடையளவு நீரிலும் மிதக்கும். டிரெய்லரில் ஏறிக் காருக்குப் பின்னால் ஊர் விட்டு ஊர் போகும். அமெரிக்காவில் ஃபிராங்க் பட்லர் வடிவமைத்து 1969-இல் வெளிவந்த கேட்டலினா 22 இந்த வகையில் பெயர்பெற்ற படகு. 15,000-க்கும் மேல் கட்டப்பட்டன. நீளம் இருபத்திரண்டு அடிக்குச் சற்றுக் குறைவு. மொத்த எடை ஏறத்தாழ ஒரு டன். அதில் கால் பங்கு, சுமார் 250 கிலோ, வார்ப்பிரும்புக் கீல். கீலைத் தூக்கிவிட்டால் 60 சென்டிமீட்டர் நீர் போதும். இறக்கினால் ஒன்றரை மீட்டர் வேண்டும்.

இந்தக் கால் டன் இரும்பைத் தாங்குபவை மிகச் சிலவே. முன்பக்கத்தில் ஓர் அங்குலப் பருமன் உள்ள அச்சாணி. கீல் அதைச் சுற்றித்தான் மேலும் கீழும் திரும்புகிறது. அச்சாணியின் இரு நுனிகளையும் பிடித்துக்கொண்டு, படகின் அடியில் போல்ட்டால் முடுக்கப்பட்ட இரண்டு தாங்கிகள். பின்பக்கத்தில் கீலைத் தூக்கி இறக்கும் கம்பிவடம்; அது ஒரு குழாய் வழியே உள்ளே ஏறி, அறைப் படியின் கீழிருக்கும் வின்ச்சில் சுற்றிக்கொள்கிறது. பயணம் போகிறவர் கண்ணில் படுவது வின்ச்சும் அதில் சுற்றிய கொஞ்சம் வடமும்தான். மற்றதெல்லாம் நீருக்கு அடியில். படகைக் கரையேற்றி டிரெய்லரில் உட்கார வைத்த பிறகும் நிலைமை பெரிதாக மாறாது. கீல் டிரெய்லரின் கட்டை மேல் அமர்ந்துவிடுவதால் அச்சாணி தன் சுமையைக் காட்டாது. தேய்மானம் நடப்பதோ கீலின் துளைக்குள். வெளியே தெரிவது ஆணியின் இரண்டு நுனிகள் மட்டும்.

ஆகவே கரையை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் படகுக்காரர் தான் காணாத ஒன்றை நம்பிக் கிளம்புகிறார். அப்படி நம்ப அவருக்கு உரிமை உண்டா, உண்டென்றால் அது எங்கிருந்து வருகிறது என்பது பழுதுபார்க்கும் கையேட்டோடு முடிந்துவிடும் கேள்வி அல்ல. நம்பிக்கையின் அறம் பற்றி மேலைநாட்டு மெய்யியலில் நடந்த புகழ்பெற்ற வாதம் ஒன்று, சோதிக்காமல் கடலுக்கு அனுப்பிய ஒரு கப்பலில்தான் தொடங்கியது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கணிதப் பேராசிரியராக இருந்தவர் வில்லியம் கிங்டன் கிளிஃபர்ட். 1876-இல் அவர் லண்டன் மெட்டாஃபிசிக்கல் சொசைட்டியில் ஒரு கட்டுரை வாசித்தார். கவிஞர் டென்னிசன், உயிரியலாளர் ஹக்ஸ்லி, கார்டினல் மேனிங் எனப் பலதரப்பட்டவர்கள் உறுப்பினராக இருந்த சபை அது. கட்டுரை 1877 ஜனவரியில் 'கண்டெம்பரரி ரெவ்யூ' இதழில் வெளிவந்தது. அதன் தொடக்கத்தில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். பிழைப்பு தேடி நாடு விட்டுப் போகும் குடும்பங்களை ஏற்றிச் செல்லும் கப்பல் அவருடையது. கப்பல் பழையது, கட்டியபோதே அவ்வளவு நன்றாகக் கட்டப்படவில்லை, பலமுறை பழுது பார்க்கப்பட்டது. இது கடலுக்குத் தாங்காது என்று சிலர் சொல்லியும் விட்டார்கள். சோதித்துச் செப்பனிடப் பெரும் செலவாகும். முதலாளி மூன்று சமாதானங்களால் தன் ஐயத்தை அமுக்குகிறார். எத்தனையோ புயல்களைத் தாண்டி வந்த கப்பல் இது. ஏழைக் குடும்பங்களை இறைவன் கைவிட மாட்டான். கட்டியவர்கள், பழுது பார்த்தவர்கள் நாணயத்தைச் சந்தேகிப்பது சிறுமை. இப்படி மனத்தைத் தேற்றிக்கொண்டு உண்மையாகவே நம்பிவிடுகிறார். நடுக்கடலில் கப்பல் மூழ்குகிறது. அவர் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொள்கிறார்.

கிளிஃபர்ட் தீர்ப்பு கடுமையானது. முதலாளி மனமார நம்பினார் என்பது அவரைக் காப்பாற்றாது, அந்தச் சான்றுகளை வைத்து அப்படி நம்ப அவருக்கு உரிமையே இல்லை. அடுத்த அடி இன்னும் கூர்மை. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தால்? குற்றம் இம்மியும் குறையாது. வெளிப்படாமல் போயிருக்கும், அவ்வளவே. இதை வெறும் கற்பனைக் கதை என்று அன்றைய வாசகர்கள் எடுத்துக்கொண்டிருக்க முடியாது. அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய உளுத்த கப்பல்களைப் பற்றி நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் 1873-இல் புத்தகம் எழுதிப் பெரும் கிளர்ச்சி நடத்திக்கொண்டிருந்த காலம். வணிகக் கப்பல் சட்டம் 1876-இல் வந்தது. கிளிஃபர்டுக்கே ஒரு கப்பல் விபத்து நேர்ந்திருக்கிறது. 1870 டிசம்பரில் சூரிய கிரகணம் காணச் சிசிலிக்குப் போன ஆய்வுக் குழுவில் அவரும் இருந்தார். குழு சென்ற கப்பல் கத்தானியா அருகே பாறையில் மோதியது. எல்லோரும் உயிர் தப்பினார்கள்.

கிளிஃபர்ட் ஒன்றை மட்டும் விளக்காமல் விட்டுவிட்டார். முதலாளி கப்பலைச் சோதித்திருக்க வேண்டும் என்கிறாரே, எப்படிச் சோதித்திருந்தால் போதும்? மேல்தளத்தில் ஒரு நடை நடந்துவிட்டு வந்திருந்தாலும் அதுவும் சோதனைதானே? இங்கேதான் கீல் உதவிக்கு வருகிறது. போதிய சோதனை எது, போதாதது எது என்பதை உலோகமே பிரித்துக் காட்டிவிடும்.

அச்சாணியிலிருந்து தொடங்கலாம். அதைப் பார்ப்பதற்குப் படகை டிரெய்லரிலிருந்து உயர்த்த வேண்டும்; கிரேன் வாரில் தூக்கலாம், அல்லது ஜாக்கி வைத்து ஏற்றி முட்டுக் கொடுக்கலாம். பிறகு கீலை மரக்கட்டைகள் மேல் இறக்கி அதன் எடை முழுவதையும் கட்டைகள் வாங்கிக்கொள்ளும்படி செய்ய வேண்டும். கம்பிவடத்தை மட்டும் நம்பிக் கீலுக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. எந்த வடம் நல்லதா என்று பார்க்க வந்திருக்கிறோமோ அதையே நம்பி உயிரை வைப்பது முறை கெட்ட தர்க்கம், ஆபத்தும் கூட. அதன் பின் தாங்கிகளைக் கழற்றி ஆணியை உருவலாம். நல்ல ஆணி முழு நீளமும் ஒரே வட்டமாக இருக்கும். தேய்ந்த ஆணியில் கீல் உட்கார்ந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். கீலின் துளையும் அதற்கேற்ப நீள்வட்டமாகியிருக்கும். ஆணியை மட்டும் மாற்றிவிட்டால் புது ஆணியையும் அந்தத் துளை விரைவில் தின்னும். ஆணி பித்தளை வகையாக இருந்தால் இன்னொன்றும் நேரலாம்: உப்புநீர் அதிலுள்ள துத்தநாகத்தை உறிஞ்சிவிட, அளவு மாறாமலே உலோகம் உளுத்துப்போய் இளஞ்சிவப்பு நிறம் காட்டும். சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்காது.

வார்ப்பிரும்பு இதைவிடத் தந்திரமானது. மேலே செதில் செதிலாக எழும்பும் துரு எல்லோருக்கும் தெரிந்தது. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் மேல்தோல் சமாசாரம். துகள் பீச்சி வெறும் உலோகம் தெரியுமளவு தேய்த்து, அன்றைக்கே, ஈரக்காற்று மறுபடி துருவைக் கொண்டுவரும் முன்னரே, எப்பாக்சி பூச்சு கொடுத்தால் பல ஆண்டுகள் நிற்கும். அந்தப் பூச்சு இல்லாத வெறும் இரும்பின் மேல் செம்பு கலந்த பாசித்தடுப்பு வண்ணத்தைப் பூசினால் மட்டும் காரியம் கெடும். செம்பும் இரும்பும் உப்புநீரில் மின்கலம் போல வேலை செய்து இரும்பைக் கரைக்கும். தந்திரம் வேறிடத்தில் இருக்கிறது. வார்ப்பிரும்பு கடல்நீரில் நெடுங்காலம் கிடந்தால் சில சமயம் இரும்பு கரைந்து வெளியேறிக் காரீயகம் மட்டும் மிஞ்சும். உருவம் அப்படியே இருக்கும், விளிம்புகூட மழுங்காது. பேனாக்கத்தியால் சுரண்டினால் பென்சில் முனை போல உதிரும். இந்தக் கேட்டைக் கண்ணால் மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை, கத்தி வைத்துக் குத்திப் பார்க்க வேண்டும்.

கம்பிவடம் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. வளைந்து கொடுக்கும் வடங்களில் ஏழு புரி, புரிக்குப் பத்தொன்பது இழை, ஆக 133 இழைகள் இருக்கும். பருத்தித் துணியால் சுற்றிப் பிடித்து உருவினால் அறுந்த இழைகள் துணியில் மாட்டும். வெறும் கையால் உருவினால் கையைக் கிழிக்கும். ஆனால் வடம் பெரும்பாலும் அறுவது நடுவில் அல்ல, முனையை நசுக்கிப் பொருத்திய குழலுக்குள். துருப்பிடிக்காத எஃகின் பாதுகாப்பு அதன் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம். காற்றிலும் நீரிலும் உள்ள ஆக்சிஜன் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். தேங்கிய உப்புநீர் இருக்கும் குறுகிய இடுக்கில் ஆக்சிஜன் போய்ச் சேராது. படலம் கெடும், எஃகு உள்ளுக்குள் அரிக்கும். குழலின் வாயில் பழுப்புக் கறை தென்பட்டால் சந்தேகிக்கலாம். கறை இல்லையென்றால் நல்லது என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் அனுபவசாலிகள் இந்த வடத்தைப் பழுதுக்காகக் காத்திருக்காமல் காலக்கெடு வைத்து மாற்றிவிடுகிறார்கள். அறுந்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும்: தூக்கி வைத்த கால் டன் இரும்பு தடையின்றி இறங்கி, கீல் அறையின் சுவரை உடைத்துப் படகுக்குள் நீரை வரவழைக்கக் கூடும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, 'பார்த்தேன், ஒரு கோளாறும் இல்லை' என்ற வாக்கியம் எளிமையாகத் தோன்றாது. இல்லாமையை எப்படி அறிவது என்ற கேள்வியை இந்தியத் தர்க்க மரபு நெடுங்காலம் அலசியிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த குமாரிலரின் வழிவந்த மீமாம்சகர்கள், ஒன்று காணப்படாமையே அது இல்லை என்பதற்குத் தனியொரு அளவை, அதாவது அறியும் வழி, என்றார்கள். தமிழில் மணிமேகலையின் சமயவாதிகள் பகுதியிலும் சிவஞான சித்தியாரிலும் 'அபாவம்' என்று வருவது இதுதான். ஆனால் அவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். இருந்திருந்தால் கண்ணுக்குப் பட்டிருக்கும் என்ற தகுதி அந்தப் பொருளுக்கும் அந்தச் சூழலுக்கும் இருக்க வேண்டும். வெளிச்சமுள்ள அறையில் குடம் தென்படவில்லையென்றால் அங்கே குடம் இல்லை. அதே அறையில் பேய் தென்படவில்லை என்பதால் பேய் இல்லை என்று ஆகாது, ஏனென்றால் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத பொருள் அது. இருட்டறையில் குடத்தைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்ல முடியாது.

கிளிஃபர்ட் விட்ட இடத்தை இந்த நிபந்தனை நிரப்புகிறது. சோதனை என்பது பார்த்தல் அல்ல; கோளாறு இருந்திருந்தால் அகப்பட்டிருக்கும்படி பார்த்தல். டிரெய்லருக்கு அடியில் குனிந்து ஆணியின் நுனிகளை டார்ச் அடித்துப் பார்ப்பவர் உண்மையில் ஆணி கழன்று வரவில்லை என்பதை மட்டும் அறிகிறார். தேய்மானத்தைப் பொறுத்தவரை அவர் இருட்டறையில் நிற்கிறார். அவர் சோம்பேறி அல்ல, பொய்யரும் அல்ல. தான் பார்த்தது எதற்குச் சான்று, எதற்குச் சான்று அல்ல என்று பிரிக்காததுதான் அவர் பிழை. கப்பல் முதலாளியைவிட இவரே அதிகம் காணப்படும் மனிதர் என்பதால், நம்பிக்கையின் அறம் பேசுகிறவர்கள் இவரைத்தான் முதலில் கவனித்திருக்க வேண்டும்.

இனி முதலாளியின் சமாதானங்களுக்கு வரலாம். எத்தனையோ பயணங்களைத் தாங்கிய கப்பல் என்பது முதலாவது. அறிவு சரியானது என்பது எப்படி உறுதியாகிறது என்ற கேள்வியில் மீமாம்சகர்களும் நியாய மரபினரான நையாயிகர்களும் எதிரெதிர் அணி. அறிவு எழும்போதே செல்லுபடியாகும், அதைக் கெடுக்கும் குறை ஒன்று தெரியவரும் வரை ஏற்கலாம் என்பது மீமாம்சை. செல்லுபடியாவது வெளியிலிருந்து தெரிய வேண்டும், முக்கியமாக அதை நம்பிச் செய்த செயல் பலித்ததா என்பதிலிருந்து தெரிய வேண்டும் என்பது நியாயம். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் தம் உரையைச் செயலின் வெற்றி பற்றிய பேச்சோடுதான் தொடங்குகிறார். தூரத்தில் நீர் தெரிகிறது, போனோம், குடித்தோம், தாகம் தீர்ந்தது, கண்டது நீரே.

தேயும் பொருளிடம் இந்த இரண்டு வழியும் தடுமாறுகின்றன. பத்து ஆண்டு விபத்தில்லாமல் ஓடிய படகு என்பது, அச்சாணி கடந்த பத்து ஆண்டும் தாங்கியது என்பதை நிரூபிக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதே பத்து ஆண்டுதான் ஆணியைத் தேய்த்தது. ஒவ்வொரு வெற்றிகரமான பயணமும் நம்பிக்கைக்கு ஒரு காரணத்தைக் கூட்டுவது போலத் தோன்றிக்கொண்டே, நம்பப்படும் பொருளிலிருந்து கொஞ்சத்தைக் கழித்துக்கொள்கிறது. ஓடாமல் நின்றாலும் தப்ப முடியாது. பாய் விரித்து ஓடும்போது நீரின் அழுத்தம் கீலை ஒரு பக்கமாக ஒட்டிப் பிடித்திருக்கும். நங்கூரமிட்டுக் கிடக்கும்போதோ சிற்றலைகள் அதை இரவெல்லாம் இடமும் வலமும் ஆட்டும். ஒரு வேனில் முழுதும் யாரும் ஏறாத படகில்கூட ஆணி தேயும். நேற்றுத் தாகம் தீர்த்த குளத்தில் இன்றும் நீர் இருக்குமா என்பது வேறு கேள்வி. நாம் குடித்ததாலேயே குளம் வற்றுகிறது என்றால் நேற்றைய அனுபவம் எச்சரிக்கையாகத்தான் எண்ணப்பட வேண்டும். நையாயிகர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் பொருள் நிலையானது. கப்பல் முதலாளி பேசியதோ மரத்தைப் பற்றி.

மீமாம்சகர் பக்கம் நின்று ஒருவர் கேட்கலாம்: குறை தெரியவரும் வரை நம்பலாம் அல்லவா? கேள்வி நியாயமானது. காரணமே இல்லாமல் எழும் ஐயத்துக்கெல்லாம் படகைத் தூக்கிக்கொண்டிருந்தால் யாரும் கடலுக்குப் போக முடியாது. கேட்டலினா வேகமெடுக்கும்போது கீல் வடம் 'உம்ம்' என்று பாடும். புதிதாக வாங்கியவர்கள் பயந்துபோவார்கள். வடத்தைச் சுற்றி ஓடும் நீர்ச்சுழல்கள் அதை அதிர வைப்பதால் எழும் ஒலி அது, பழுது அல்ல. படகு ஆடும்போது அடியிலிருந்து 'டொக் டொக்' என்று வரும் சத்தம் வேறு: கீலுக்கும் தாங்கிக்கும் இடையே இடைவெளி கூடியிருக்கிறது, வாஷர் தேய்ந்திருக்கலாம், ஆணியும் தேய்ந்திருக்கலாம். ஒன்று ஆதாரமில்லாத ஐயம், மற்றது ஆதாரமுள்ளது. பத்து, பதினோராம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்த உதயனர், ஐயத்துக்கு எல்லை உண்டு என்று வாதிட்டார். புகைக்குத் தீயே காரணமா என்று ஐயுறுபவன் புகை வேண்டும்போது தீயைத்தான் தேடிப் போகிறான்; தன் செயலோடு முரண்படும் இடத்தில் அவன் ஐயம் நின்றுவிடுகிறது. பின்னாளில் ஸ்ரீஹர்ஷர் அதையே திருப்பிப் போட்டு, முரண்பாடு இருக்கிறதென்றால் ஐயமும் இருக்கிறது என்றுதானே பொருள் என்று மடக்கினார். வாதமாகப் பார்த்தால் ஸ்ரீஹர்ஷர் கை ஓங்கியதாகவே படுகிறது. படகுத்துறையில் உதயனரே பயன்படுவார்.

ஆனால் மீமாம்சகருக்கு ஒரு திருத்தம் தேவை. ஐயத்துக்கான ஆதாரம் எப்போதும் சத்தமாக வந்து காதில் விழுவதில்லை. காலண்டரும் ஓர் ஆதாரம். கீல் ஒருமுறை தரை தட்டியது என்பதும் ஆதாரம், அப்போது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையென்றாலும். 2014 மே மாதம் ஆண்டிகுவாவிலிருந்து இங்கிலாந்து திரும்பிக்கொண்டிருந்த 'சீக்கி ராஃபிகி' என்ற பாய்மரப் படகு அட்லாண்டிக் நடுவே கீலை இழந்து கவிழ்ந்தது, நால்வர் இறந்தார்கள். அது மடக்குக் கீல் அல்ல, போல்ட்டால் இறுக்கிய நிலையான கீல். முன்பு தரை தட்டிய சம்பவங்களும் அவற்றின் பின் நடந்த பழுதுபார்ப்புகளும் கீல் பொருந்திய பகுதியைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு 2015-இல் அறிக்கை தந்தது. லேசாகத் தரை தட்டியதில்கூடக் கண்ணுக்குத் தெரியாத சேதம் நேர்ந்திருக்கலாம் என்பதுதான் அதில் படகுக்காரர்களை உலுக்கிய செய்தி.

கட்டியவர்களையும் பழுது பார்த்தவர்களையும் நம்புவது அடுத்த சமாதானம். இதைக் கிளிஃபர்ட் சொன்ன அளவுக்கு இழிவாகத் தள்ளிவிட முடியாது. கடையில் வாங்கிய புது ஆணி என்ன உலோகம் என்று படகுக்காரர் உருக்கிப் பார்ப்பதில்லை. வடத்தின் பொதியில் எழுதிய தாங்குதிறனை இழுத்துப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் தானே சோதித்துத்தான் நம்ப வேண்டுமென்றால், சோதிக்கும் கருவியை யார் சோதிப்பது என்ற கேள்வி முடிவில்லாமல் பின்னோக்கிப் போகும். அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் பலரும் சொல்லும் பல அளவைகளை எண்ணிவிட்டு எல்லாம் காண்டல், கருதல், உரை ஆகிய மூன்றில் அடங்கும் என்கிறார். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு படகைக்கூடப் பராமரிக்க முடியாது. ஆனால் உரையிலும் தரம் உண்டு. ஆணியை உருவிப் பார்த்த ஒருவர், பார்த்த தேதியோடு சொல்வது ஒன்று. 'இந்தப் படகு ஒருநாளும் தொந்தரவு கொடுத்ததில்லை' என்று முந்தைய உரிமையாளர் சொல்வது மற்றொன்று. அளவைகளின் பட்டியலில் 'ஐதிகம்' என்று வரும் செவிவழிச் செய்திக்கு அது நெருங்கிய சொந்தம். அந்த வாக்கியத்தைச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. கீலைப் பற்றி அவர் எதுவுமே சொல்லவில்லை.

மீதியிருப்பது சமயச் சமாதானம். கிளிஃபர்ட் அதைத்தான் உண்மையில் குறிவைத்தார். சான்றில்லாமல் நம்புவது எங்கும் எவருக்கும் தவறு என்று பொதுவிதி ஆக்கி, மதநம்பிக்கை முழுவதையும் அதன் கீழ் கொண்டுவந்தார். ஆனால் முதலாளியின் பேச்சைச் சமயங்களே ஏற்றுக்கொண்டிருக்குமா என்று பார்க்க வேண்டும். தன்னால் செய்யக் கூடியதை விட்டுவிட்டுக் கடவுள் காப்பாரா என்று பார்ப்பது கடவுளைச் சோதிப்பதாகும், அது பாவம் என்று தாமஸ் அக்வினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். கோபுர உச்சியிலிருந்து குதி, தேவதூதர்கள் தாங்குவார்கள் என்று சாத்தான் சொன்னபோது இயேசு மறுத்ததும் இதே காரணத்தால்தான். விதியை அத்தனை அழுத்திப் பேசிய கால்வினும், நம் உயிருக்கு எல்லை வகுத்த இறைவன் அதைக் காக்கும் வழிகளையும் நம் கையில் கொடுத்திருக்கிறான், அவற்றை ஒதுக்குவது இறைபற்று ஆகாது என்கிறார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படை என்ற நபிகளின் அறிவுரை திர்மிதி தொகுப்பில் இருக்கிறது. ஆக, கப்பல் முதலாளி சான்றின் அறத்தை மட்டும் மீறவில்லை. தன் சமயத்தின் கணக்கிலும் அவர் தேறமாட்டார். இறைவன்மேல் பாரத்தைப் போடுகிறேன் என்று சொல்லி ஒரு பழுதுபார்ப்புச் செலவை அவன் தலையில் கட்டினார்.

கிளிஃபர்டுக்குப் புகழ்பெற்ற மறுப்பு 1896-இல் வில்லியம் ஜேம்ஸ் எழுதிய 'நம்புவதற்கான விருப்பம்'. சான்றால் தீர்க்க முடியாத, தள்ளிப்போட முடியாத, வாழ்க்கைக்கு முக்கியமான தேர்வுகளில் மனம் விரும்பும் பக்கம் நம்ப மனிதனுக்கு உரிமை உண்டு என்பது அவர் கட்சி. சில உண்மைகள் நம்பிக்கை முன்னே வந்தால்தான் பின்னே வரும் என்றும் சொன்னார்; நட்பு அப்படி. மலையேறும் ஒருவன் பிளவைத் தாண்ட முடியும் என்று நம்பினால் தாண்டுகிறான், நடுங்கினால் விழுகிறான் என்பது அவருடைய மற்றோர் உதாரணம். படகிலும் இதற்கு இடம் உண்டு. புயலில் தலைவன் மேல் குழுவினர் வைக்கும் நம்பிக்கை அவர்களை ஒழுங்காக வேலை செய்ய வைக்கிறது. அந்த வேலை படகைக் காப்பாற்றுகிறது. நம்பிக்கைக்குச் செவிசாய்க்கும் பொருள்கள் உலகில் உண்டு. அச்சாணி அந்தக் கூட்டத்தில் இல்லை. அதை எவ்வளவு நம்பினாலும் அது ஒரு மயிரிழை தடிப்பதில்லை. மேலும் ஜேம்ஸ் கேட்கும் நிபந்தனைகளில் இரண்டு இங்கே பொருந்தாது: ஆணியின் நிலை சான்றால் தீரக் கூடியது, பயணத்தைத் தள்ளிப்போடலாம். ஆகவே கப்பல் விஷயத்தில் ஜேம்ஸும் கிளிஃபர்ட் பக்கம்தான் நிற்க வேண்டியிருக்கும். கிளிஃபர்ட் தவறியது கப்பலிலிருந்து கடவுளுக்கு ஒரே தாவலில் போனதில். கடவுள் நம்பிக்கை ஆணி வகையா நட்பு வகையா என்பதே சமயவாதிகளுக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. அதைக் கப்பல் கதை தீர்த்துவைக்காது.

சோதனைக் கடமையின் அளவு யார் ஏறுகிறார்கள் என்பதையும் பொறுத்தது. தனியாக ஏரியில், உயிர்க்கவசம் அணிந்து, கரைக்குக் கூப்பிடு தூரத்தில் ஓட்டுபவர் தேய்ந்த ஆணியோடு ஒரு பருவத்தைக் கழிக்கத் தீர்மானிக்கலாம். தெரிந்தே எடுக்கும் இடர் அது. அதே படகில் அண்டை வீட்டுக் குழந்தைகளை ஏற்றினால் கணக்கு மாறுகிறது, ஏனென்றால் அவர்கள் ஆணியை நம்பவில்லை, படகுக்காரரை நம்புகிறார்கள். நம்பிக்கை தனிச்சொத்து அல்ல, பிறர் அதன் மேல் ஏறி நடக்கிறார்கள் என்ற கிளிஃபர்ட் வாதத்தின் பலமான பகுதி இங்கே அப்படியே நிற்கிறது.

அந்தப் பொறுப்பைக் காகிதத்தில் நிறைவேற்றும் இடம் படகின் பராமரிப்புக் குறிப்பேடு. நன்றாக எழுதிய குறிப்பேட்டில் பார்த்த தேதியும் பார்த்த முறையும் இருக்கும்: ஆணி உருவப்பட்டு அளக்கப்பட்டது, வடத்தின் கீழ்க்குழல் வெளியிலிருந்து மட்டும் பார்க்கப்பட்டது, தாங்கி போல்ட்டுகள் முடுக்கிப் பார்க்கப்பட்டன, கழற்றவில்லை, பூச்சு எந்த ஆண்டு செய்தது என்பது முந்தைய உரிமையாளர் சொன்னது. படகு கைமாறும்போது வாங்குபவர் அமர்த்தும் கடல்சார் மதிப்பீட்டாளரும் இதைத்தான் செய்கிறார். அவருடைய அறிக்கையில் கோளாறுகளின் பட்டியலுக்கு அருகிலேயே, எட்ட முடியாததால் சோதிக்கப்படாத பாகங்கள் எவை என்ற பத்தியும் இடம்பெறும். மடக்குக் கீல் படகு டிரெய்லரில் இருந்தபடியே பார்க்கப்பட்டிருந்தால், அச்சாணி அந்தப் பத்தியில்தான் வர வேண்டும்.